காற்று நிற்காத பம்புகள்

அண்மையில் ஓர் அலுவலாக உடையார்கட்டுக்குப் போயிருந்தேன். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ35 வீதியில், விசுவமடுவைத் தாண்டி, புதுக்குடியிருப்புக்கு முன்னால் வருகின்ற ஊர் அது. எனக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பம் அங்கே இருக்கின்றது. கணவரைப் போரிலே பறிகொடுத்த ஒரு தாயும், உயர்தரம் படிக்கும் அவரது மகளும். தாய் விடியற்காலையில் நான்கு கிலோமீற்றர் தூரம் கிரவல் வீதியில் சைக்கிள் ஓடி வந்து, பிரதான வீதியில் பஸ் பிடித்து வேலைக்குச் செல்பவர். பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய கூலி இல்லை.

முந்திய தடவை போயிருந்தபோது, அவரது சைக்கிள் ரயருக்குக் காற்றடிக்க அடுத்த வீட்டுக்கு ஓடுவதைக் கண்டு, பட்டணத்தில் ஒரு கடையில் 1,400 ரூபா கொடுத்து, நிலத்தில் நிறுத்தி அடிக்கின்ற பம்பு ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தேன். பார்வைக்கு அழகான பம்பு. பளபளக்கும் நீல நிறம், அடியில் ஓர் அமுக்கமானி, அதில் 160 பி.எஸ்.ஐ. வரை இலக்கங்கள். கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியில் அதனை மறந்தும் போனேன்.

இம்முறை அந்தப் பம்பு வீட்டின் பின்சுவரில் ஆணியொன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. தூசி படிந்திருந்தது. எடுத்து அடித்துப் பார்த்தேன். கைபிடி எந்தத் தடையும் இல்லாமல் மேலும் கீழும் போய் வந்தது. குழாயின் முனையில் மூச்சுவிட்டாற்போல் சிறு காற்று. அவ்வளவுதான்.

“எவ்வளவு காலமாய் இப்பிடி?” என்று கேட்டேன்.

“மூண்டு மாதத்திலையே போட்டுது அண்ணை.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

அவர் சிரித்தார். “ஆசையாய் வாங்கித் தந்த சாமான். அதிலை குறை சொல்லுறதே?”

அந்தப் பதில் என்னைப் பல நாட்களாகக் குடைந்துகொண்டிருக்கின்றது. ஒரு பம்பைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். எழுத வேண்டும் என்பதே என் கருத்து. ஏனென்றால் இது பம்பைப் பற்றிய விடயம் மட்டுமல்ல.

துவிச்சக்கரவண்டி இல்லாமல் வடபுலத்தின் கடந்த அரை நூற்றாண்டு வரலாற்றை எழுத முடியாது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் பற்றரியும் கண்ணிலே காண முடியாத பொருட்களாயின. அப்போது பேராசிரியரும் சைக்கிளில்தான் போனார். பிரசவ வேதனைப்பட்ட பெண்ணும் சைக்கிள் கரியரில்தான் போனாள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் எழுந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த அந்த இரவில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அசைந்த சனக்கடலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். பாரில் அரிசிப் பை, கரியரில் உடுப்புப் பெட்டி. சைக்கிளின் கழுத்தில் கயிற்றால் கட்டிய சிறு கைப்பம்பு. அன்று அந்தப் பம்பை இரவல் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லை. அது எல்லாருக்கும் அடித்தது, பழுதாகவில்லை.

உடையார்கட்டுக்கும் அதே போன்ற ஒரு காலம் வந்தது. 2009 ஜனவரியில் அரசு அறிவித்த முதலாவது ‘பாதுகாப்பு வலய’த்தினுள் அந்த ஊர் அடங்கியிருந்தது. எறிகணைகள் அங்கும் வந்து விழுந்தபோது மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தார்கள். சைக்கிள்களும் அவர்களுடன் நகர்ந்து, மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் குவியல் குவியலாகக் கைவிடப்பட்டன. மீள்குடியேற்றத்தின்போது இந்திய அரசு ஏறத்தாழ 10,000 சைக்கிள்களை வழங்கியது. தொண்டு நிறுவனங்களும் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் கொடுத்தன. நல்ல காரியம். ஆனால், சைக்கிள் என்பது கொடுத்தவுடன் முடிகின்ற பொருளன்று. அது காற்றில் ஓடுவது. அந்தக் காற்று நெருஞ்சி முள்ளுக்கும் கிரவல் கல்லுக்கும் வெயிலுக்கும் இடையில் ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருப்பது.

பழுதான பம்பை எடுத்துக்கொண்டு சந்திக்கருகில் சைக்கிள் திருத்தும் பெரியவர் ஒருவரிடம் சென்றேன். எழுபது வயதைத் தாண்டியவர். பம்பைக் கையில் வாங்கி ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது விளையாட்டுச் சாமான்” என்றார். பிறகு அதனைக் கழற்றிக் காட்டினார். கழற்றினார் என்பதைவிட உடைத்தார் என்பதே சரி. மேல்மூடி கழற்றக்கூடியதாகச் செய்யப்படவே இல்லை.

உள்ளே நான் கண்டவற்றைச் சொல்கின்றேன். உருளை மெல்லிய தகட்டால் ஆனது. நடுப்பகுதியில் ஒரு சிறு நெளிவு. சைக்கிளோடு சாய்ந்து விழுந்திருக்க வேண்டும். அந்த நெளிவைக் கடக்கும்போது உள்ளே ஓடும் தண்டின் முனையிலிருந்த இறப்பர் வளையம் ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது. தண்டின் முனை பிளாஸ்ரிக். வளையத்தை மாற்றலாம் என்றால் அந்த அளவில் வளையம் எங்கும் விற்பனைக்கு இல்லை. அடித்தட்டும் பிளாஸ்ரிக், காலை வைக்கும் இடத்தில் வெடிப்பு. குழாய் பொருந்தும் இடம் மரையில்லாமல் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு, இறுகிப்போன பம்புக்கு அந்தத் தாய் மண்ணெண்ணெய் விட்டிருக்கின்றார். இறப்பர் ஊதிப் போயிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. பம்புக்கு எண்ணெய் விட வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் அது தோல் வாசர் இருந்த காலத்துப் பாடம்.

பெரியவர் தமது பம்பைக் காட்டினார். கனத்த வார்ப்பிரும்பு அடித்தட்டு, தடித்த உருக்கு உருளை, மரக் கைபிடி. மீள்குடியேறி வந்தபோது பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்துத் திருத்தியதாம். அதன் முனையில் கிண்ணம் போன்ற ஒரு தோல் வாசர். கைபிடியை அமுக்கும்போது காற்றின் அழுத்தத்தால் அந்தக் கிண்ணத்தின் விளிம்பு விரிந்து உருளையோடு ஒட்டிக்கொள்கின்றது. இழுக்கும்போது சுருங்கிப் புதுக் காற்றுக்கு வழி விடுகின்றது. உருளை சிறிது தேய்ந்தாலும் தோல் அதற்கேற்ப விரிந்து கொடுக்கும். தோல் காய்ந்தால் எண்ணெயில் ஊற வைத்தால் போதும். கிழிந்தால், நல்ல தோல் துண்டொன்றை வட்டமாக வெட்டி, நீரில் ஊறவைத்து, அச்சில் அமுக்கிக் காயவிட்டு, எண்ணெய் பூசினால் புதிய வாசர் தயார். பெரியவர் இதுவரை நான்கைந்து தடவை மாற்றியிருப்பாராம். “பம்பு சாகிறேல்லை தம்பி, வாசர்தான் சாகும்” என்றார்.

இதில் ஒரு நல்ல பொருளுக்குரிய இலக்கணம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குப்படுகின்றது. தேயப்போகின்ற பகுதி எது என்பதைச் செய்தவன் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அந்தப் பகுதி மலிவானதாகவும், எளிதாகக் கழற்றக்கூடியதாகவும், ஊர்க் கடையில் கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். மீதி எல்லாம் நிலைத்து நிற்க வேண்டும்.

மலிவான பொருள் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பலர் வாதிடுகின்றார்கள். நான் உடன்படவில்லை. என் 1,400 ரூபா எங்கே போனது என்று பாருங்கள். நிறப்பூச்சுக்குப் போனது. அமுக்கமானிக்குப் போனது. நம்முடைய பாரச் சைக்கிளுக்கு 40 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை காற்று இருந்தால் போதும். பெருவிரலால் ரயரை அமுக்கியே நம்மவர் அதனை அறிவார்கள். 160 என்று அச்சிட்டிருப்பது ஓட்டப்பந்தயச் சைக்கிளுக்கான கனவு. அந்தப் பணத்தை எடுத்து உருளையின் தடிப்பிலும் உலோக மரையிலும் போட்டிருந்தால், அதே விலைக்கு அழகற்ற, ஆனால் பத்து வருடம் உழைக்கின்ற பம்பு கிடைத்திருக்கும். சீனப் பொருள், இந்தியப் பொருள் என்று நாட்டைத் திட்டுவதிலும் பயனில்லை. தொழிற்சாலை, இறக்குமதி செய்பவர் கேட்டதைத்தான் செய்து கொடுக்கின்றது. இறக்குமதி செய்பவர், நாம் எதைப் பார்த்து வாங்குகின்றோமோ அதைத்தான் கேட்கின்றார். நான் நீல நிறத்தைப் பார்த்து வாங்கினேன்.

பருத்த உருளையைக் கண்டு ஏமாறுவதும் வழக்கம். பெரிய உருளை ஓர் அடியில் அதிக காற்றைத் தள்ளும் என்பது உண்மை. ஆனால் 50 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. மூன்று சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளையில் அந்த அளவுக்குக் காற்றடிக்க 25 கிலோ அளவு அமுக்கினால் போதும். ஐந்து சென்ரிமீற்றர் விட்டமானால் 70 கிலோ வேண்டும். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள பள்ளிக்கூடப் பிள்ளை தன் முழு உடலையும் அதன்மேல் ஏற்றினாலும் கைபிடி இறங்காது. பெண்களும் பிள்ளைகளும் பயன்படுத்தும் பம்பு ஒல்லியாக இருப்பதே நன்று.

வாங்கப் போகின்றவர்களுக்குப் பெரியவர் சொல்லித் தந்த சோதனைகளை இங்கே பதிந்து வைக்கின்றேன். முதலில் பம்பைத் தூக்கிப் பாருங்கள். கனம் இருக்க வேண்டும். குழாயின் முனையைப் பெருவிரலால் இறுக அடைத்துக்கொண்டு கைபிடியை அமுக்குங்கள். அது வில்லுப்போல் எதிர்த்து நிற்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கினால் காற்று எங்கோ கசிகின்றது. மேல்மூடியைக் கழற்றித் தருமாறு கடைக்காரரிடம் கேளுங்கள். கழற்ற முடியாததை வாங்காதீர்கள். வாசர் தனியாக விற்பனைக்கு உண்டா என்று கேளுங்கள். தோல் வாசரா, இறப்பரா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இறப்பருக்கு மண்ணெண்ணெய் ஆகாது. கடைசியாக, உங்கள் சைக்கிளின் வால்கட்டைக்கு அந்த முனை பொருந்துகின்றதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் வால்வுக்கு மட்டும் பொருந்துகின்ற முனையோடு வீடு திரும்பியவர்கள் பலர்.

இவை வாங்குகின்றவரின் பொறுப்பு. கொடுக்கின்றவரின் பொறுப்பு இதனைவிடப் பெரியது.

நான் பத்திரிகையாளனாக எத்தனையோ கையளிப்பு விழாக்களுக்குச் சென்று செய்தி எழுதியிருக்கின்றேன். வரிசையாகச் சைக்கிள்கள், மாலைகள், விருந்தினர் உரைகள், படப்பிடிப்பு. மறுநாள் பத்திரிகையில் படம் வரும். ஆறு மாதத்தின் பின் அதே பாடசாலைக்குப் போய், அந்தச் சைக்கிள்களில் எத்தனை ஓடுகின்றன என்று நான் ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை. இதனைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கின்றது. படம் எடுத்து முடியும்வரை ரயரில் காற்று நின்றால் போதும் என்பதுபோல் நாம் எல்லோரும் நடந்துகொண்டிருக்கின்றோம்.

காசு கொடுத்து வாங்கியவன் கடைக்காரனோடு சண்டை பிடிப்பான். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடும் உரிமையும் அவனுக்கு உண்டு. இலவசமாகப் பெற்றவள் யாரிடம் முறையிடுவாள்? அவள் மௌனமாக இருப்பாள். அந்த மௌனத்தை நாம் நன்றி என்று எடுத்துக்கொள்கின்றோம். ஏழைகளுக்குக் கொடுக்கப்படும் பொருட்களின் தரம் காலாகாலமாக உயராமல் இருப்பதற்கு இதுவே முதற் காரணம் என்று நினைக்கின்றேன். குறை சொல்பவர் இல்லாத இடத்தில் தரம் வளராது.

எனவே ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐம்பது சைக்கிள் கொடுக்க எண்ணியிருந்தால் நாற்பத்தைந்து கொடுங்கள். மீதிப் பணத்தில் பாடசாலைக்கு ஒன்று, வாசிகசாலைக்கு ஒன்று, கூட்டுறவுக் கடைக்கு ஒன்று என்று கழற்றித் திருத்தக்கூடிய நல்ல பம்புகளை வாங்கி வையுங்கள். கூடவே ஒரு பெட்டி வாசர், ஒட்டுப்போடும் சாமான்கள். உயர்தரப் பிள்ளைகளுக்கு வாசர் மாற்றவும் ஒட்டுப் போடவும் ஒரு சனிக்கிழமை பழக்கிவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முதலில். ஆறு மாதம் கழித்து ஒருவர் போய்ப் பாருங்கள். விழா வேண்டாம், எண்ணிப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

2022இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றபோது, கொழும்பிலே கனவான்களும் சைக்கிள் தேடி அலைந்தார்கள். சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. வரிசைகள் மறைந்ததும் அவர்கள் தங்கள் வாகனங்களுக்குத் திரும்பினார்கள். உடையார்கட்டில் உள்வீதியால் வருகின்ற அந்தத் தாய்க்குத் திரும்பிப் போக வேறு வாகனம் இல்லை.

அவருக்கு வேறொரு பம்பு வாங்கினேன். இம்முறை பெரியவரையே தேர்வு செய்யச் சொன்னேன். 3,200 ரூபா. கறுப்பு நிறம், அமுக்கமானி இல்லை, இரண்டு மேலதிக தோல் வாசர்கள். கொடுக்கும்போது ஒரு நிபந்தனை விதித்தேன்: பழுதானால் எனக்குச் சொல்ல வேண்டும்.

சென்ற கிழமை தொலைபேசியில் அழைத்தார். சுகம் விசாரித்துவிட்டுச் சற்றுத் தயங்கினார்.

“அண்ணை, பம்பு நல்லாய் வேலை செய்யுது. ஆனா கைபிடி கொஞ்சம் ஆடுது.”

ஆணியை இறுக்கினால் சரிவரும் என்று சொன்னேன். மனத்துக்கு நிறைவாக இருந்தது.