பைண்டிங் நல்லாயிருக்கு, உள்ளே என்ன இருக்கு?

மார்ச், ஏப்ரல் வந்துட்டா கல்லூரி இருக்கிற ஊர்கள்ல ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கெட்டி அட்டை, அதுமேல தங்க எழுத்து, முதல் பக்கத்துல 'இது மாணவர்களின் சொந்த உழைப்பு' என்று ஆசிரியர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ். அந்தப் பக்கத்துல உண்மையானது அந்தக் கையெழுத்து ஒண்ணுதான்னு நான் சொன்னா கோவிச்சுக்காதீங்க.

நேரா மேட்டருக்கு வர்றேன். "இளநிலை மாணவர்களுக்கு ஆராய்ச்சித் திறன் வளர்க்கிறோம், அவர்கள் பேராசிரியர்களின் ஆய்வுகளில் துணை நிற்கிறார்கள்" என்று நம்ம ஊர்க் கல்லூரிகள் பிரௌஷர்லயும், இன்ஸ்பெக்ஷன் கமிட்டி முன்னாடியும் பெருமையா சொல்லிக்குது. பெரும்பாலான இடங்கள்ல இது நாடகம் என்பது என் கட்சி. இந்த நாடகத்துக்கு மாணவனைக் குத்தம் சொல்றது அதைவிடப் பெரிய நாடகம்.

பொறியியல் படிச்சவங்களுக்கு 'ப்ராஜெக்ட் சென்டர்'னா என்னன்னு விளக்க வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். 'ஐ-ட்ரிபிள்-ஈ ப்ராஜெக்ட்ஸ் கிடைக்கும்'னு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். மாடிப்படி ஏறிப் போனா ஒரு லிஸ்ட் கொடுப்பாங்க. ஜாவாவா, டாட்நெட்டா, மேட்லேபா, எம்பெடெட்டா? ஹோட்டல் மெனு மாதிரி ஒரு தலைப்பை டிக் பண்ணணும். காசு கட்டினா கோட், ரிப்போர்ட், பவர்பாயிண்ட், வைவாவுல கேக்கப்போற கேள்விக்குப் பதில் வரைக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்துடுவாங்க. நாலு பேர் டீம்ல ஒருத்தன் போய் வாங்கிட்டு வருவான், மத்த மூணு பேரும் பங்குக் காசு கொடுப்பாங்க. இதுக்குப் பேர் டீம் வொர்க் :-)

வேலைக்குப் புதுசா வர்ற பசங்களை நான் நிறைய இன்டர்வியூ எடுத்திருக்கேன். ப்ராஜெக்ட் பத்தி ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: "இதுல எது சொதப்பிச்சு? அப்போ என்ன பண்ணே?" செஞ்சவன்னா நிறுத்தவே மாட்டான். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த வயர் கருகிச்சுங்கிறது வரைக்கும் சொல்லுவான். வாங்கினவன் அப்ஸ்ட்ராக்ட்டை ஒப்பிப்பான். அதுல எதுவும் சொதப்பியே இருக்காது.

2022 கடைசியில சாட்ஜிபிடி வந்த பிறகு மாடிப்படி ஏற வேண்டிய வேலையும் மிச்சம். கடைக்காரர் பொழப்புலதான் மண்ணு விழுந்தது, நோய் அப்படியேதான் இருக்கு.

ஆனா யோசிச்சுப் பாருங்க. மூணரை வருஷம் அவன்கிட்ட என்ன கேட்டோம்? ரெண்டு மார்க் கேள்வி, பெரிய கேள்வி, ரெண்டுக்கும் நோட்ஸ்ல இருக்கிற பதில். "இது ஏன் இப்படி?"ன்னு கேட்டவனை "சிலபஸ்ல இருக்கிறதைப் படிப்பா"ன்னு உக்கார வெச்சோம். லேப்ல வர வேண்டிய ரீடிங் வரலைன்னா சீனியர் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதச் சொன்னோம். அதாவது, தரவைத் திருத்தி எழுதறது எப்படின்னு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தாச்சு. கடைசி செமஸ்டர்ல திடீர்னு "ஆராய்ச்சி பண்ணு"ன்னா பையன் எங்கே போவான்? மாடிப்படி ஏறத்தான் போவான்.

அடுத்தது, 'பேராசிரியருக்கு உதவி'.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு. பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம், கல்லூரி பேர் சுத்தமா வேண்டாம். மேடத்தோட ஆய்வுக்கு உதவறேன்னு சந்தோஷமாப் போச்சு. நானூறு கேள்வித்தாள் படிவத்தை எக்செல்ல ஏத்துற வேலை, மூணு மாசம். அந்த ஆய்வு எந்தக் கேள்விக்குப் பதில் தேடுதுன்னு அந்தப் பொண்ணுக்குக் கடைசி வரைக்கும் யாரும் சொல்லல. கட்டுரை அச்சுல வந்தப்போ நன்றி சொல்ற வரியிலகூட அவ பேரு இல்ல. துறைத் தலைவர் பேரு இருந்துச்சு. அவர் அந்தப் படிவத்தை கண்ணாலயும் பார்த்ததில்ல.

படிவம் ஏத்துறது கேவலமான வேலைன்னு நான் சொல்லல. ஆராய்ச்சியில முக்கால்வாசி அலுப்பான வேலைதான். ஆனா "பதினேழாவது கேள்விக்கு ஏன் பாதிப்பேர் பதில் எழுதல?"ன்னு அந்தப் பொண்ணைக் கேட்டிருந்தா அது பயிற்சி. ஏத்திக் கொடுத்துட்டுப் போன்னா அது எடுபிடி வேலை. ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கேள்விதான்.

கட்டுரையில யார் பேரு வரணும் என்பதும் தலைவரோட கருணையைப் பொறுத்த விஷயம் இல்லைங்க. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதுக்கு நாலு நிபந்தனை எழுதி வெச்சிருக்கு. ஆய்விலே கணிசமான பங்களிப்பு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பேற்பது. நாலும் இருக்கணும். நிதி வாங்கிக் கொடுத்ததோ, பொதுவா மேற்பார்வை பார்த்ததோ மட்டும் போதாதுன்னு தெளிவாவே சொல்லியிருக்கு. இதை நம்ம கல்லூரிகள்ல அமல்படுத்தினா எத்தனை பேரோட கட்டுரைப் பட்டியல் இளைக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

ஆசிரியர்களை மட்டும் திட்டவும் மனசு வரல. 2010-ல யூஜிசி, ஏபிஐ என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. பதவி உயர்வுக்குக் கட்டுரைக்கு இத்தனை புள்ளின்னு கணக்கு. கட்டுரை எண்ணிக்கைதான் சோறு போடும்னா, காசு வாங்கிட்டு எதையும் அச்சடிக்கிற இதழ்கள் மழைக்காளான் மாதிரி முளைக்கத்தானே செய்யும்? 2018 மே மாசம் யூஜிசியே தன்னோட அங்கீகாரப் பட்டியல்லேர்ந்து 4,305 இதழ்களைத் தூக்கிச்சு. ஆசிரியரே கடையில அச்சுப் போட வேண்டிய நெருக்கடியில இருக்கும்போது, மாணவனைப் பார்த்து "கடைக்குப் போகாதே"ன்னு எந்த வாயால சொல்லுவார்?

சரி, வேற எங்கேயாவது இது உருப்படியா நடந்திருக்கா? நடந்திருக்கு.

அமெரிக்காவுல எம்ஐடியில 1969-ல மார்கரெட் மெக்விகர் என்ற பேராசிரியை ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. சுருக்கமா 'யூராப்'. போலராய்டு கேமரா நிறுவனர் எட்வின் லேண்ட் 1957-லேயே அங்கே வந்து, மாணவர்களை முதல்லேர்ந்தே சொந்த ஆய்வுல இறக்கணும்னு பேசிட்டுப் போயிருந்தார். அதுக்குச் செயல்வடிவம் கொடுத்தது இந்த அம்மா. முதல் வருஷ மாணவனே பேராசிரியரோட நடந்துக்கிட்டிருக்கிற ஆய்வுல சேரலாம். சம்பளமா வாங்கிக்கலாம், இல்லேன்னா பாட மதிப்பெண்ணா எடுத்துக்கலாம். இந்த ஒரு வரிதான் முக்கியம். உழைப்புக்குக் கூலி உண்டு என்று எழுதி வெச்சதனால அங்கே உதவி எடுபிடி ஆகறது கஷ்டம்.

"அது அமெரிக்கா சார்"னு சொல்லப்போறவங்களுக்கு மெட்ராஸ் கதை. 1928-ல ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் நம்ம பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தார். அங்கே இளநிலை படிச்சிக்கிட்டிருந்த ஒரு பையன் அவரைத் தேடிப்போய்ப் பேசினான். நீ படிச்ச இயற்பியல் பழசாயிடுச்சு, புது குவாண்டம் கோட்பாட்டைப் படின்னு அவர் வழி காட்டினார். படிச்சான். 1929-ல அந்த இளநிலை மாணவனோட கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல வந்தது. பையன் பேரு எஸ். சந்திரசேகர், 1983-ல நோபல். எல்லாரும் சந்திரசேகர் ஆக முடியாதுதான். அன்னிக்கு சோமர்ஃபெல்ட் அந்தப் பையனை "அப்புறம் வா"ன்னு அனுப்பாம உக்கார வெச்சுப் பேசினார் பாருங்க, அதை யார் வேணும்னாலும் செய்யலாம்.

இனி வழக்கமா வர்ற சாக்குகள்.

"பசங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல." எதுல இல்ல? கேள்வியே இல்லாத வேலையில இல்ல. கிரிக்கெட் புள்ளிவிவரத்தைக் கரைச்சுக் குடிச்சவனுக்குத் தரவு அலசத் தெரியாதா?

"லேப் வசதி இல்ல." டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. கல்லூரியைச் சுத்தி இருக்கிற முப்பது கிணத்துத் தண்ணியை மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் அளந்து, அஞ்சு வருஷம் அஞ்சு பேட்ச் தொடர்ந்து எழுதினா, அது அந்த ஊர்க்காரனுக்கே பயன்படுற ஆவணம். பைனாகுலர் இருந்தா பறவைக் கணக்கெடுப்பு. தமிழ் இலக்கிய மாணவருக்கு அதுவும் வேண்டாம். ஒரே நூலோட ரெண்டு பழைய பதிப்பை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாடபேதம் குறிக்க எந்த லேப் வேணும்? உ.வே.சா. 1887-ல சீவக சிந்தாமணி பதிப்பிச்சது சுவடிகளை அப்படி ஒப்பிட்டுத்தான். 1998-லேர்ந்து மதுரைத் திட்டம் இணையத்துல ஏத்தி வெச்சிருக்கிற நூல்கள் இலவசமாக் கிடக்குது, எடுத்து வேலை பார்க்க ஆள்தான் இல்ல.

"புதுசா கண்டுபிடிக்க இந்தப் பசங்களால முடியுமா?" புதுசு வேண்டாம் சாமி, பழசைச் சரிபார்க்கட்டும். 2015-ல சயன்ஸ் இதழ்ல வந்த ஒரு பெரிய கூட்டுமுயற்சி, உளவியல்ல ஏற்கனவே வெளியான நூறு ஆய்வுகளைத் திரும்பச் செஞ்சு பார்த்தது. மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் குறிப்பிடத்தக்க முடிவு திரும்ப வந்துச்சு. அதாவது, 'திரும்பச் செஞ்சு பார்'ங்கிறதே உலகத்துக்குத் தேவையான வேலை. இளநிலை மாணவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

"நல்லா படிக்கிறவனுக்கு மட்டும் கொடுக்கலாமே." இதுதான் ரொம்ப ஆபத்தான சாக்கு. 2022-ல யூஜிசி போட்ட நாலு வருஷப் பட்டப்படிப்புத் திட்டத்துல, முதல் ஆறு செமஸ்டர்ல 75 சதவீதம் வாங்கினவங்களுக்குத்தான் நாலாவது வருஷம் ஆராய்ச்சி. தமிழ்நாடு புதிய கல்விக் கொள்கையை ஏத்துக்கலைங்கிறது வேற விஷயம். 'ஆராய்ச்சிங்கிறது மார்க்குக்குக் கொடுக்கிற பரிசு'ங்கிற எண்ணம் மட்டும் இங்கேயும் ஊறிப்போயிருக்கு. மனப்பாடம் பண்ணத் தெரிஞ்சவனுக்கு வாசலைத் திறந்துட்டு, கேள்வி கேட்டு மார்க்கை விட்டவனை வெளியே நிறுத்துறதுக்கு என்ன பேரு?

"எங்களுக்கு நேரமே இல்ல." இது ஒண்ணுதான் நியாயமான காரணம். வகுப்பு, பேப்பர் திருத்தல், அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கிற வேலை வரைக்கும் ஆசிரியர் தலையில. அப்போ கோபத்தை மாணவன் மேல காட்டாம நிர்வாகத்துக்கிட்ட காட்டுங்க. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் மாணவர் ஆய்வுக்குன்னு டைம்டேபிள்லயே ஒதுக்கச் சொல்லுங்க.

வெறுமனே திட்டிட்டுப் போறவன்னு பேர் வாங்க வேண்டாம், அதனால என் கோரிக்கைகள்:

1. ஆராய்ச்சியைக் கடைசி செமஸ்டர்லேர்ந்து மூணாவது செமஸ்டருக்கு இழுங்க. மாசம் ஒரு கட்டுரை படிச்சு, "இதுல எனக்குப் புரியாதது என்ன?"ன்னு ஒரு பக்கம் எழுதினா போதும்.

2. தேதி போட்ட வேலை நோட்டு கட்டாயம். மார்க்குல பாதி அந்த நோட்டுக்கு. தங்க எழுத்து அட்டைக்குச் சைபர். சொதப்பின நாளை எழுதினவனுக்கு மார்க் குறையக்கூடாது, கூடணும். நோட்டையும் பொய்யா எழுதலாம்தான். வாராவாரம் ஆசிரியர் பார்த்துக் கேள்வி கேட்டா அந்தப் பொய் நாலு வாரம் தாங்காது.

3. பேராசிரியரோட வேலைக்கு மாணவரைச் சேர்த்தா, என்ன வேலை, எத்தனை மணி நேரம், கூலியா மார்க்கா, கட்டுரையில பேரு எப்போ வரும்னு முதல் நாளே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

4. வைவாவுல டீமைப் பிரிச்சுத் தனித்தனியா உக்கார வெச்சு, "எது சொதப்பிச்சு?"ன்னு கேளுங்க.

பதிவுலக மக்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மள்ல பாதிப்பேர் கணினித் துறை, கொஞ்சப்பேர் வெளிநாட்டுல ஆய்வு பண்றவங்க, சில பேர் நிஜமாவே வாத்தியார்கள். "நம்ம ஊர் பசங்களுக்குத் தரம் பத்தல"ன்னு வருஷத்துக்கு ஒரு பதிவு போட்டுப் பொலம்பறதுக்குப் பதிலா, ஆளுக்கு ரெண்டு இளநிலை மாணவங்களை எடுத்துக்கங்க. படிச்ச கல்லூரிக்கு ஒரு மடல் போடுங்க. மாசம் ரெண்டு தடவை அரை மணி நேரம் பேசுங்க. பதில் சொல்லித் தராதீங்க, கேள்வி கேக்கச் சொல்லிக் கொடுங்க. காசு செலவே இல்ல.

என் அனுபவத்துல மாணவன் வெவரமானவன். நாம அவன்கிட்ட அட்டை கேட்டோம், கொண்டுவந்து கொடுத்தான். வேலையைக் கேட்டுப் பாருங்க, அதையும் கொடுப்பான்.

பி.கு.: ஒழுங்கா மாணவர்களை வழிநடத்துற ஆசிரியர்கள் இருக்காங்க, எனக்கே நாலு பேரைத் தெரியும். அவங்க இதைப் படிச்சாக் கோவப்பட மாட்டாங்க. கோவம் வர்றவங்க பின்னூட்டத்துல தாராளமா வாங்க, ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க.