முதற் பதிப்பும் கையொப்பமும்

நூல் சேர்ப்போர் இருவகையினர். படிக்கும்பொருட்டு நூல் வாங்குவோர் ஒரு வகையினர். ஒரு நூலின் முதற் பதிப்பையே, இயலுமாயின் ஆசிரியர் கையொப்பமிட்ட பிரதியையே தேடித் திரிவோர் மற்றொரு வகையினர். பின்னவரைக் கண்டு நகைப்பார் பலர். எழுத்தெல்லாம் ஒன்றாயிருக்கப் பழந்தாளுக்கும் செல்லரித்த அட்டைக்கும் பொன்னைக் கொட்டுவானேன் என்பது அவர்தம் வினா. வினா நியாயமானதே. ஆயினும், எழுத்தெல்லாம் ஒன்று என்னும் அதன் அடிப்படை உண்மையன்று என்பதே நமது கருத்து. முதற் பதிப்பைப் போற்றுவோர் விலக்கவேண்டுவன சிலவும் உள. அவற்றையும் கூறாது விடுதற்கில்லை.

சார்லஸ் டார்வின் இயற்றிய 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலை நோக்குவோம். அது 1859-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 1,250 பிரதிகளாக அச்சிடப்பெற்றது. 1872-க்குள் ஆறு பதிப்புக்கள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் ஆசிரியர் கூட்டியும் குறைத்தும் திருத்தியும் வந்தார். 1860-ல் வந்த இரண்டாம் பதிப்பின் கடைசி வாக்கியத்தில் படைப்போனைக் குறிக்கும் சொல் புதிதாக ஏறிற்று. தக்கன பிழைக்கும் என்று இன்று யாவரும் டார்வின்மேல் ஏற்றிக் கூறும் தொடரோ, 1869-ன் ஐந்தாம் பதிப்பிலேதான் அந்நூலுள் புகுந்தது. கடைசிப் பதிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, டார்வின் 1859-ல் இங்ஙனம் கூறினார் என்று எழுதுவோன் வழுவுதல் திண்ணம். அவனைத் திருத்தவல்ல சாட்சி முதற் பதிப்பு ஒன்றே.

ஷேக்ஸ்பியரின் நாடகத் தொகுதி இதனினும் வியப்புடைத்து. ஆசிரியர் இறந்து ஏழாண்டு கழித்து, 1623-ல், அவருடைய நண்பர்கள் 36 நாடகங்களைத் திரட்டி வெளியிட்டனர். அவற்றுட் பாதி அதுகாறும் அச்சேறாதவை. அத்தொகுதி தோன்றாதிருப்பின் அவை நமக்குக் கிட்டியிருத்தல் அரிது. அக்காலத்து அச்சகத்தார், அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை திருத்துவர். முன்னர் அச்சான பிழையுள்ள தாள்களையும் வீசாமற் சேர்த்துக் கட்டிவிடுவர். ஆதலின் ஒரு பிரதி மற்றொன்றை முற்றும் ஒத்திராது. வாஷிங்டன் நகரத்து ஃபோல்ஜர் நூலகத்தில் இத்தொகுதியின் பிரதிகள் 82 உள்ளன. ஒரே நூலை எண்பது முறை வாங்குதல் பித்தன் செயல்போலத் தோன்றும். ஆனால் ஹின்மன் என்னும் அறிஞர் அங்குள்ள பல பிரதிகளை ஒரு பொறியின் துணையால் பக்கம் பக்கமாக ஒப்புநோக்கி, அந்நூல் அச்சான வகையையெல்லாம் 1963-ல் வெளியிட்டபோது, அப்பித்தின் பயன் உலகிற்கு விளங்கிற்று.

நம் நாட்டிற்கும் இது பொருந்தும். 1578-ல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கமுள்ள சிறுநூல். யாரோ சிலர் தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்திராவிடின், நம் மொழி அச்சேறிய வரலாற்றின் தொடக்கமே இருண்டிருக்கும். இன்று அதனைக் காண விரும்புவோர் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை நாடவேண்டும். இனி, 1887-ல் சாமிநாதையரவர்கள் பதிப்பித்த சிந்தாமணியையும், அதே ஆண்டில் தாமோதரம் பிள்ளையவர்கள் பதிப்பித்த கலித்தொகையையும் எண்ணுக. இத்தகைய முதற் பதிப்புக்களின் முகவுரைகள், ஏடு தேடிய வரலாற்றையும் உதவினோர் பெயரையும் தாங்கி நிற்பன. பிற்காலத்தார் மலிவு கருதி வெளியிடும் மறுபதிப்புக்களில் முகவுரை சுருங்குவதும் விடுபடுவதும் உண்டு. முகவுரை போனால் உழைப்பின் வரலாறும் உடன் போம்.

கையொப்பத்தைப்பற்றி நமது அபிப்பிராயம் சற்று வேறு. கடையிலமர்ந்து நூறு பிரதிகளில் ஒரே மூச்சில் இட்ட கையொப்பம் விலையை உயர்த்துமேயன்றி அறிவை உயர்த்தாது. ஆசிரியர் தம் நண்பருக்கோ ஆசிரியருக்கோ அன்புரை எழுதி அளித்த பிரதியும், தம் கையாலேயே பிழை திருத்திய பிரதியும் அத்தன்மையன அல்ல. அவை வரலாற்றுச் சான்றுகள்.

விலையே தெய்வமானால் வஞ்சகம் அதற்குப் பூசாரியாகும். இங்கிலாந்தில் தாமஸ் வைஸ் என்பார் நூற்சேர்ப்பாளருள் தலைசிறந்தவராக மதிக்கப்பட்டார். எலிசபெத் பிரௌனிங் அம்மையாரின் செய்யுள் நூலொன்று 1847-ல் ரெடிங் நகரில் அச்சானது என்று அவர் வழியே பரவிய சிறுபிரதி பெருவிலை பெற்றது. 1934-ல் கார்ட்டர், பொல்லார்ட் என்னும் இருவர் அதன் தாளைச் சோதித்தனர். இரசாயன முறையாற் பதப்படுத்திய மரக்கூழ் அதிற் கலந்திருந்தது. 1847-ல் அங்கு அத்தகைய தாளே கிடையாது. இத்தகைய போலிகள் பல வெளிப்பட, வைஸின் புகழ் ஒருங்கே சரிந்தது.

வஞ்சகத்தினும் களவு கொடிது. தரங்கம்பாடியில் 1715-ல் அச்சாகி, மன்னர் சரபோஜியின் கையொப்பம் தாங்கிய புதிய ஏற்பாட்டுப் பிரதியொன்று தஞ்சைச் சரசுவதி மகாலிலிருந்து 2005-ல் காணாமற்போயிற்று. அஃது இலண்டன் மாநகரத்துத் தொகுப்பொன்றில் இருப்பதாக 2022-ல் தமிழ்நாட்டுப் போலீசார் கண்டறிந்தனர். முதற் பதிப்பின் பெருமையும் அரசன் கையொப்பமும் ஒருங்கே சேர்ந்தமையாலன்றோ அது கள்வர் கண்ணிற் பட்டது! ஆதலின், இப்பிரதி யாரிடமிருந்து வந்தது என்று வினவாமல் வாங்குதல் நற்குணமுடையார்க்கு அழகன்று.

எனவே நூல் சேர்ப்போனை அளக்கும் கோல் அவன் எத்துணை வைத்திருந்தான் என்பதன்று. அவனுக்குப்பின் அவை என்னாயின என்பதே. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் பல்லாண்டு திரட்டிய நூல்களும் இதழ்களும், 1992-ல் அவர் மறைந்தபின் சிதறிப்போகாமல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. புதுக்கோட்டை ஞானாலயா, முதற் பதிப்புக்களைத் தேடுவோர்க்கெல்லாம் கதவு திறந்த இல்லமாயிற்று. இவை பூட்டிய பேழையிற் கிடந்திருப்பின் கறையானுக்கே உணவாகியிருக்கும். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியுண்டதை நினையுந்தோறும், அரிய நூல் ஓரிடத்து மட்டும் இருத்தலாகாது, அதன் நிழற்படி வேறிடத்தும் இருத்தல்வேண்டும் என்பதும் தெளிவாகும்.

மாணவ நண்பர்களே! இத்தொண்டிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. உங்கள் இல்லத்துப் பரணிலும், பாட்டனார் பெட்டியிலும், பழந்தாட் கடையின் தராசுத் தட்டிலும் முதற் பதிப்புக்கள் கிடக்கக்கூடும். எடைக்குப் போடுமுன் முகப்பைத் திருப்பி ஆண்டைப் பாருங்கள். பழைய அட்டையைக் கிழித்தெறிந்து புது அட்டை கட்டாதீர்கள். ஓரங்களிற் பாட்டனார் எழுதிய குறிப்புக்களை அழிக்காதீர்கள். கிழிந்த தாளின்மேல் பசைநாடா ஒட்டாதீர்கள். காக்க இயலாததை நூலகத்துக்கு வழங்குங்கள். சென்ற நூற்றாண்டின் மரக்கூழ்த் தாள் பெரும்பாலும் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே நொறுங்குவது. அது நம் சோம்பலுக்காகக் காத்திராது.