பாட்டுக்கு யார் எஜமான்?

வயதான பாடகர் ஒருவர் மேடையேறும்போது ரசிகர்கள் யாருக்காகக் கை தட்டுகிறார்கள்? அவருக்காக என்று நான் நம்பவில்லை. தங்களுடைய இருபதாவது வயதுக்காகத் தட்டுகிறார்கள். அதில் குற்றமில்லை; இருபது வயது யாருக்குத்தான் பிரியமில்லை? ஆனால் அந்த வயதைத் திருப்பிக் கொடுப்பது பாடகருடைய கடமை என்று வழக்காட வரும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

அமெரிக்காவில் ரோஜர் மெக்குவின் என்று ஒரு பாடகர். 1942-ல் சிக்காகோவில் பிறந்தவர். நாட்டுப் பாடலையும் ராக் சங்கீதத்தையும் கலந்து, 'ஃபோக் ராக்' என்ற பெயரையே உலகம் புழங்கும்படி செய்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர். 'பேர்ட்ஸ்' என்ற ஐவர் குழுவுக்குத் தலைவராயிருந்து, 1965-ம் வருஷம் ஒன்றிலேயே இரண்டு பாட்டுக்களை அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். ஒன்று பாப் டிலன் எழுதியது. மற்றது பைபிள் வாசகத்துக்குப் பீட் சீகர் மெட்டமைத்தது. குழு 1973-ல் கலைந்தது. பிறகு ஓரிரு தடவை சில நாட்களுக்குக் கூடியதுண்டு. மற்றபடி அவரை நோக்கி வந்ததெல்லாம் ஒரே கோரிக்கைதான்: மறுபடியும் சேருங்கள்! பழைய கூட்டாளி டேவிட் கிராஸ்பியே பகிரங்கமாகக் கேட்டுப் பார்த்தார். மெக்குவின் அசையவில்லை. கித்தாரை வண்டியில் போட்டுக்கொண்டு மனைவியோடு ஊர் ஊராகப் போய், தனியாளாய் உட்கார்ந்து, பாட்டுக்கு நடுவே கதையும் சொல்லிப் பாடுவதுதான் தமக்குப் பிடித்த வாழ்க்கை என்றார்.

இதை நன்றிகெட்டதனம் என்கிறார்கள். "நாங்கள் இசைத்தட்டு வாங்கினோம், நாங்கள்தான் அவரை ஆளாக்கினோம், எங்களுக்கு அவர் கடன்பட்டவர்" என்பது வாதம். இந்த வாதம் எனக்கு நன்றாகப் பழக்கம். "உங்கள் முதல் நாவலைப் போல இன்னொன்று எழுதுங்கள்" என்று எனக்கும் கடிதங்கள் வருகின்றன. முதல் நாவல் அப்படியே இருக்கிறது. வேண்டுமானால் இன்னொரு தரம் படித்துக்கொள்ளலாம். அதை எழுதிய பையனை எங்கே போய்க் கொண்டுவருவேன்?

கடன் என்று பேச்சு வந்துவிட்டதால் கணக்கையும் பார்த்துவிடலாம். 2000-ம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க செனட்டின் கமிட்டி ஒன்றின் முன் மெக்குவின் சாட்சி சொன்னார். கம்ப்யூட்டர் மூலம் பாட்டுக்களை இலவசமாகப் பரிமாறிக்கொள்வது பாடகர்களின் வயிற்றில் அடிப்பதா என்பது விசாரணை. அவர் சொன்னதன் சாரம் இது: தட்டுக் கம்பெனிகளிடமிருந்து தமக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஆரம்பத்தில் கொடுத்த சொற்ப முன்பணந்தான், முதலிடத்துக்கு வந்த பாட்டுக்களுக்கும் அதே கதைதான். ஆகவே தட்டு வாங்கி அவரை வளர்த்ததாக மார் தட்டும் ரசிகர்கள், தாங்கள் வளர்த்தது யாரை என்று ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்னொரு கூட்டம் உண்டு. இவர்கள் எதிர்ப்புறத்திலிருந்து வருகிறவர்கள். நாட்டுப் பாடல் தூய்மையானது, அதில் மின்சாரம் படக்கூடாது என்பது இவர்கள் சித்தாந்தம். 1964-ல் மெக்குவின் பீட்டில்ஸ் பாணியையும் நாட்டுப் பாடலையும் சேர்த்துப் பாடியபோது, நாட்டுப் பாடல் அரங்குகளின் சபை முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறு வருஷம் ஜூலையில், நியூபோர்ட் விழாவில், பாப் டிலன் மின்சாரக் கித்தாரோடு வந்து கூச்சலைச் சம்பாதித்துக்கொண்டார். 1966-ல் மான்செஸ்டரில் சபையிலிருந்து ஒருவன் அவரை 'யூதாஸ்' என்றே கூவினான். ஒரு மின்சாரக் கம்பிக்காக ஒரு மனிதனுக்குக் காட்டிக் கொடுத்தவன் என்ற பட்டம்!

இந்தத் தூய்மையைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு தந்திக் கித்தார் என்றாலே நாட்டுப் பாடல்காரர்கள் பக்தியோடு நினைப்பது லெட்பெல்லி என்ற கறுப்பின மகா பாடகரை. 1933-ல் லூயிஸியானாவின் அங்கோலா சிறையில் அவர் கைதியாயிருந்தபோது, பாட்டுத் திரட்டப் போன ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் அவர் குரலைப் பதிவு செய்தார்கள். 1949 டிசம்பரில் லெட்பெல்லி இறந்தார். சில மாதங்கள் கழித்து, 1950-ல், பீட் சீகர் இருந்த 'வீவர்ஸ்' குழு அவருடைய 'குட்நைட் ஐரீன்' பாட்டைப் பாடியது. பின்னணியில் முழு வாத்திய கோஷ்டி, அதில் வயலின்கள் வேறு! பாட்டு நாடெங்கும் முதலிடம் பிடித்தது. சிறைக் கைதியின் பாட்டுக்கு வயலின் பொருந்துமானால் மின்சாரம் மட்டும் என்ன பாவம் செய்தது?

பாட்டின் உரிமைப் பத்திரத்தில் லெட்பெல்லியின் பெயரோடு ஜான் லோமாக்ஸின் பெயரும் ஏறியிருந்தது. வீவர்ஸ் குழுவினரும், தாங்கள் எடுத்துத் திருத்திய ஊர்ப்பாட்டுக்களைப் 'பால் காம்ப்பெல்' என்ற பெயரில் பதிவு செய்தார்கள். அப்படி ஒரு ஆசாமியே கிடையாது. குழுவினரின் கூட்டுப் புனைபெயர் அது. இவர்களில் யாரையும் திருடர் என்று நான் சொல்லவில்லை. சீகரைப்போல் நல்ல மனிதர் அபூர்வம். ஆனால் ஊரார் பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் முளைத்தபோது தூய்மைவாதிகள் அரங்கில் எழுந்து நின்று கூச்சலிட்டதாகத் தெரியவில்லை. கித்தாரில் கம்பி செருகியபோதுதான் அவர்களுக்குத் தர்மம் நினைவுக்கு வந்தது.

மெக்குவின் செய்ததுதான் என்ன? பதினைந்து வயதில், சிக்காகோவில் 1957-ல் தொடங்கிய நாட்டுப் பாடல் பள்ளியில் சேர்ந்து, பாஞ்சோவும் கித்தாரும் கற்றவர் அவர். 1964-ல் பீட்டில்ஸ் நடித்த சினிமாவில் ஜார்ஜ் ஹாரிஸன் கையில் ரிக்கன்பாக்கர் மின்சாரக் கித்தாரைப் பார்த்தார். அதிலும் பன்னிரண்டு தந்தி! அதை வாங்கிக்கொண்டு, விரலில் உலோக நகங்களை மாட்டி, பாஞ்சோ வாசிக்கும் அதே சுழற்சியில் வாசித்தார். உலகம் புதுமை என்று வியந்த அந்த மணியோசைக்குள் இருந்தது பள்ளிக்கூடத்தில் படித்த பழைய விரல் பாடம். பழமையை அவர் கைவிட்டதாகச் சொல்லுகிறவர்களின் காதுகளைப்பற்றி நான் என்ன சொல்ல?

அவர் பிற்காலத்தில் செய்த காரியம் இதைவிடப் பெரியது. அதைப் பேசுகிறவர்கள்தான் குறைவு. 1995-ல், பழைய நாட்டுப் பாடல் தட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு கவலை தட்டியது. நாட்டுப் பாடகர் என்று பெயர் போட்டுக்கொண்ட புதியவர்களெல்லாம் சொந்தப் பாட்டையே பாடுகிறார்கள். கப்பல்காரன் பாட்டையும், மாடு மேய்ப்பவன் பாட்டையும், கறுப்பின மக்களின் பக்திப் பாட்டையும் பாட ஆளில்லை. காரணத்தை ஊகிப்பது சிரமமல்ல. சொந்தப் பாட்டு எழுதினால் உரிமைப் பணம் வரும். தாத்தாவின் பாட்டுக்கு யார் தருவார்கள்?

அவர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் முதல், மாதத்துக்கு ஒரு பாட்டு என்று கணக்கு வைத்து, பழைய பாட்டுக்களைத் தாமே பாடிப் பதிவு செய்து, சொற்களும் கித்தார் சுரக்குறிப்பும் பாட்டின் கதையும் சேர்த்து, இணையத்தில் இலவசமாக வைத்தார். 'ஃபோக் டென்' என்று அதற்குப் பெயர். வருகிறவர் யாராயினும் எடுத்துக்கொள்ளலாம். கற்றுக்கொண்டு தம் விருப்பம்போல் மாற்றியும் பாடலாம். பத்து வருஷம் கழித்து, நூறு பாட்டுக்களை நான்கு தட்டுகளாகவும் வெளியிட்டார். மாதாமாதம் பாடும் வேலை அதற்குப் பின்னும் நிற்கவில்லை. விற்பனை வரிசையில் முதலிடம் கண்ட மனிதர், வரிசையே இல்லாத ஓரிடத்தில், கேட்பவர் எத்தனை பேர் என்று எண்ணாமல், ஒரு வாத்தியாரைப்போல இதைச் செய்துகொண்டிருந்தார்.

"அப்படியானால் கச்சேரியில் டிலன் பாட்டை ஏன் இன்னும் பாடுகிறார்? அதற்குத்தானே டிக்கெட் விற்கிறது?" என்று மடக்குவார்கள். நியாயமான கேள்வி. பாடத்தான் செய்கிறார். டிக்கெட் வாங்கியவரை ஏமாற்றுகிற புத்தி அவருக்கில்லை. ஆனால் எப்படிப் பாடுகிறார் என்று பாருங்கள். அந்தப் பாட்டு டிலனிடமிருந்து தமக்கு எப்படி வந்தது, தாளத்தை எப்படி மாற்றினோம் என்று கதை சொல்லிவிட்டுப் பாடுகிறார். லெட்பெல்லியின் பாட்டு சீகருக்கு வந்த மாதிரி, தமக்கும் ஒருவரிடமிருந்து ஒன்று வந்தது என்று கணக்குக் கொடுக்கிறார். ஐவரையும் ஒரே மேடையில் நிறுத்தி, பழைய உடுப்பை மாட்டி, 1965-ஐப்போல் நடிக்கச் சொல்வது வேறு வியாபாரம்.

அந்த வியாபாரத்துக்கு இனிச் சரக்கும் இல்லை. ஜீன் கிளார்க் 1991-ல் போனார். மைக்கேல் கிளார்க் 1993-ல். கிராஸ்பி 2023 ஜனவரியில். மெக்குவினும் கிறிஸ் ஹில்மனும் 2018-ல், குழுவின் 1968-ம் வருஷத்து ஆல்பம் ஒன்றுக்கு ஐம்பது நிறைந்ததென்று சேர்ந்து ஊர் சுற்றி வந்தார்கள். அதற்கும் 'பேர்ட்ஸ்' என்ற பழைய பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. கிராஸ்பி இறந்த செய்தி வந்தபோது, இனி அவர்கள் சேரவே முடியாதே என்று வருந்தியவர்களுக்கு என் அனுதாபம் உண்டு. ஆனால் அவர்களில் எத்தனை பேர் அந்த மாதாந்தரப் பாட்டுக்களில் ஒன்றையாவது கேட்டிருப்பார்கள்? அதற்கு டிக்கெட்டும் கிடையாது.