ரிச்மண்ட் வழக்குக்குக் கணக்குச் சொல்லுங்கள்

றோயல் கனேடிய மவுண்டட் பொலிஸின் ஆணையர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் பதவிக்குரிய மரியாதையோடுதான் தொடங்குகிறேன். இந்த மடலைத் தங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்பாமல் ஊரறிய எழுதுகிறேன். தனியாகச் சொல்லவேண்டியவர்கள் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள் என்பதுதான் காரணம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கசினோக்களைக் கண்காணித்த மாகாண ஆய்வாளர்கள் வருடக்கணக்காக அறிக்கைமேல் அறிக்கை எழுதினார்கள். தங்கள் படையிலேயே துணை ஆணையராக இருந்து ஓய்வுபெற்ற பீற்றர் ஜேர்மன் இரண்டு அறிக்கைகள் கொடுத்தார். நீதிபதி ஒஸ்டின் கலன் மூன்று வருடம் விசாரித்து, 2022 ஜூனில் ஏறக்குறைய 1,800 பக்கங்களில் 101 பரிந்துரைகளை எழுதிவைத்தார். இத்தனை பேர் சொன்ன பிறகும் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. கசினோக்களில் வெள்ளையான கறுப்புப் பணத்தைத் துரத்திய ஈ-பைரட் வழக்கு ஏன் செத்துப்போனது, அதற்கு யார் பொறுப்பு?

சட்டப் பிரிவுகளை நான் தங்களுக்கு ஒப்பிக்கப் போவதில்லை. அவை தங்கள் விரல்நுனியில் இருப்பவை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ரிச்மண்டில் ரிவர் ரொக் கசினோ. நள்ளிரவு தாண்டிய நேரம். வாகனத் தரிப்பிடத்தில் ஒரு கார் வந்து நிற்கும். அதிலிருந்து ஒரு பை கைமாறும். மளிகைக் கடைப் பையாகவும் இருக்கும், ஹொக்கி விளையாட்டுச் சாமான் கொண்டுபோகும் பெரிய பையாகவும் இருக்கும். வாங்கியவர் நேரே உள்ளே போய்க் காசாளரின் முன் அதைக் கொட்டுவார். எல்லாம் 20 டொலர்த் தாள்கள். வங்கியிலிருந்து எடுத்த காசென்றால் தாள்கள் ஒரே பக்கம் பார்த்து அடுக்கி, காகிதப் பட்டி ஒட்டி வரும். இவை றப்பர் பான்ட் போட்ட கட்டுகள், செங்கல் செங்கலாக. ஒரு இலட்சம் டொலர் என்றால் 5,000 தாள்கள். காசாளர் எண்ணுவார், படிவம் நிரப்புவார். படிவம் ஒட்டாவாவுக்குப் போகும். பணம் சூதாட்ட மேசைக்குப் போகும். பையைக் கொண்டுவந்தவரை மறித்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

இது எப்போதோ ஒருநாள் நடந்ததென்றால் நான் எழுதவே மாட்டேன். கலன் ஆணைக்குழுவின் கணக்கைத் தாங்கள் படித்திருப்பீர்கள். 2014 என்ற ஒரே வருடத்தில், தடவைக்குப் பத்தாயிரம் டொலரும் அதற்கு மேலுமாக மாகாணத்தின் கசினோக்கள் வாங்கிப்போட்ட ரொக்கம் ஏறக்குறைய 120 கோடி டொலர். ஒரே தடவையில் ஒரு இலட்சமோ அதற்கு மேலோ கொண்டுவந்தவை 1,881 தடவைகள். நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல். 2015 ஜூலையில் ரிவர் ரொக் கசினோவில் மட்டும் 20 டொலர்த் தாள்களாக வந்தது 1 கோடியே 35 இலட்சம் டொலர். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறே முக்கால் இலட்சம் தாள்கள். தினமும் இருபதினாயிரத்துக்கு மேல். ரிச்மண்டுக்கென்று தனி நகரப் பொலிஸ் கிடையாது. அந்த நகரத்தின் பொலிஸும் தங்கள் படைதான்.

இந்தப் பணம் என்ன பணம் என்பதை இதை வாசிக்கும் எங்கள் சனத்துக்கு நான் நீட்டி விளக்கத் தேவையில்லை. உண்டியலில் ஊருக்குக் காசு அனுப்பிய எவருக்கும் அந்த வழி தெரியும். இங்கே ஒருவரிடம் டொலரைக் கொடுத்தால் அங்கே இன்னொருவர் ரூபாயாகக் கொடுப்பார். காசு கடல் தாண்டாது, கணக்கு மட்டும் தாண்டும். அம்மாவின் மருந்துச் செலவுக்கு அனுப்புவதற்கும் போதைக் கும்பலின் வருமானத்தை வெள்ளையாக்குவதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். வழி மட்டும் ஒன்று. சீனாவிலிருந்து பெரும் பணக்காரர் ஒருவர் சூதாட வருவார். அந்த நாட்டின் கட்டுப்பாட்டால் வருடத்துக்கு 50,000 அமெரிக்க டொலருக்கு மேல் அவரால் வெளியே எடுக்க முடியாது. வன்கூவரில் அவருக்குப் பை நிறைய ரொக்கம் கடனாகக் கிடைக்கும். அந்த ரொக்கம் இங்கே தெருவில் போதைப்பொருள் விற்ற காசு. அவர் தன் நாட்டிலுள்ள கணக்கொன்றில் கடனை அடைப்பார். அங்கிருந்து அது போதைப்பொருள் அனுப்பியவர்களுக்குப் போய்ச் சேரும். அவுஸ்திரேலியப் பேராசிரியர் ஜோன் லாங்டேல் இதற்கு வன்கூவர் முறை என்றே பெயர் வைத்தார். ஒரு நகரத்துக்கு வரக்கூடிய பெயரா இது?

இந்த விடயம் வெளியே வந்த நாள்முதல் ரிச்மண்டில் வாழும் சாதாரணச் சீனக் குடும்பங்கள்மேல் விழுந்த சந்தேகப் பார்வை எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லாதது. அந்தப் பார்வையின் சூடு தமிழருக்கும் தெரியும். 2010 ஆகஸ்டில் 492 தமிழரோடு சன் சீ கப்பல் இதே மாகாணத்தின் கரைக்கு வந்தது. தங்கள் ஆட்களும் கடற்படையும் கப்பலில் ஏறினார்கள். வந்தவர்கள் எல்லோரையும் தடுத்துவைத்தார்கள், பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துத்தான். நீங்கள் யார், யாருக்குக் காசு கொடுத்தீர்கள், எவ்வளவு, எப்படிக் கிடைத்தது என்று ஒவ்வொருவரையும் துருவித் துருவிக் கேட்க இந்த அரசுக்கு ஆளும் நேரமும் பணமும் இருந்தன. உயிர் தப்ப வந்தவனிடம் கேட்கத் தெரிந்த கேள்வியை, கசினோ வாசலில் ஹொக்கிப் பையோடு நின்றவனிடம் ஏன் கேட்கவில்லை? இந்த ஒரு இடத்தில் எனக்குப் பொறுமை அறவே இல்லை, ஐயா.

தெரியாமல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. உங்கள் படையிலேயே தெரிந்தவர்கள் இருந்தார்கள். 2011 ஜனவரியில் குற்றப்பணப் பிரிவின் இன்ஸ்பெக்டர் பாரி பாக்ஸ்டர், கசினோக்களில் கறுப்புப் பணம் வெள்ளையாகிறது என்ற தன் சந்தேகத்தைச் சிபிசி செய்தியாளரிடம் வெளிப்படையாகச் சொன்னார். பொறுப்பான மாகாண அமைச்சர் ரிச் கோல்மன் அதை ஏற்கவில்லை என்று வானொலியில் மறுத்துப் பேசினார். சட்டவிரோதச் சூதாட்டத்தைக் கவனித்த கூட்டுப் பிரிவு அதற்கு முன்பே, 2009-இல், கலைக்கப்பட்டிருந்தது. பாக்ஸ்டர் பணியாற்றிய குற்றப்பணப் பிரிவை 2012, 2013 காலத்தில் மத்திய அரசின் செலவுக் குறைப்பைக் காட்டிக் கலைத்தீர்கள். வருடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பிரிவு போன மறுவருடம்தான் அந்த 120 கோடி. அந்தக் கலைப்புக்குப் பிறகு கசினோப் பணத்தை விசாரிப்பது ஏறக்குறைய நின்றேபோனது என்று கலன் எழுதியிருக்கிறார்.

அன்று அந்த நாற்காலியில் இருந்தவர் நீங்கள் அல்ல. ஆனால் சீருடை அதே சீருடை. முந்திய ஆணையர்கள் பெற்றுத்தந்த பெருமையை ஏற்கும் படை, அவர்கள் விட்டுப்போன கடனையும் ஏற்கவேண்டும்.

இனி ஈ-பைரட். 2015-இல் ஒருவழியாக விசாரணை தொடங்கியது. நல்ல அதிகாரிகள் இறங்கினார்கள். அதை நான் மறுக்கவில்லை. கசினோவுக்குப் போன பணத்தின் வாலைப் பிடித்து, ரிச்மண்டில் இயங்கிய சில்வர் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம்வரை போனார்கள். அந்த வருட ஒக்டோபரில் சோதனை போட்டார்கள். ரொக்கமும் கணக்குப் புத்தகங்களும் சிக்கின. அந்த ஓர் இடத்தில் மட்டும் வருடத்துக்கு 22 கோடி டொலர் வெள்ளையானது என்பது பொலிஸின் மதிப்பீடு. கனடாவில் இந்த வகைக் குற்றத்தில் இவ்வளவு பெரிய விசாரணை அதற்கு முன் நடந்ததில்லை என்று பேசினார்கள். 2017 செப்டம்பரில் நிறுவனத்தின்மீதும் இருவர்மீதும் குற்றச்சாட்டுப் பதிவானது. 2019 ஜனவரியில் வழக்கு விசாரணைக்கு வரவிருந்தது.

2018 நவம்பரில் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார்கள். எதிர்த்தரப்புக்குக் கொடுத்த ஆவணங்களினூடே, இரகசியத் தகவலாளி ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய விபரம் தவறுதலாக வெளியே போய்விட்டது. வழக்கை நடத்தினால் ஓர் உயிர் போகலாம் என்ற நிலை. அந்த நிலையில் வழக்கை நிறுத்தியது சரி. தன்னை நம்பி வாய்திறந்தவரைப் பொலிஸ் காப்பாற்றத்தான் வேண்டும். நான் கேட்பது அதற்கு முந்திய கேள்வி. எத்தனை பேர் கைதாண்டி, எத்தனை பேர் கண்தாண்டி அந்த ஆவணம் வெளியே போனது? யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை? ஊருக்கு விளங்கும் மொழியில், ஆணையரின் வாயால், ஒரு முழுமையான பதில் இதுவரை வரவில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட இருவரில் ஒருவர் 2020 செப்டம்பரில் ரிச்மண்டில் ஓர் உணவகத்துக்குள் சுட்டுக்கொல்லப்பட்டார். நீதிமன்றம் கேட்டிருக்கவேண்டிய கேள்விகளில் பாதி அவரோடு போனது. இதையொட்டி நடந்த இன்னொரு பெரிய விசாரணையும், குற்றச்சாட்டுப் பதிவதில்லை என்ற சிறப்பு வழக்கறிஞரின் முடிவோடு 2023 மார்ச்சில் முடிந்தது. இத்தனை கோடி டொலருக்கும் சிறையில் இருப்பவர் யார் என்று எங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் நான் என்ன பெயர் சொல்வேன்?

வழக்கு விழுந்த அடுத்த வருடமாவது விழித்தீர்களா? 2019 வசந்தத்தில் ஜேர்மன் தன் இரண்டாவது அறிக்கையில் எழுதியது வேறு. கறுப்புப் பணத்தைக் குற்ற வழக்காக விசாரிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட மத்திய பொலிஸ் அதிகாரி ஒருவர்கூட இந்த மாகாணத்தில் அன்று இருக்கவில்லை. கலன் இன்னும் ஒருபடி மேலே போனார். மத்திய பொலிஸை நம்பியிருக்காமல் மாகாணம் தனக்கென்று ஒரு விசாரணைப் பிரிவை அமைத்துக்கொள்ளட்டும் என்று பரிந்துரைத்தார். ஒரு நீதிபதி ஆற அமர ஆராய்ந்து, இவர்களை நம்பிப் பயனில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்த இரவு உங்களுக்குத் தூக்கம் வந்ததா?

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2018 ஜனவரியில், பத்தாயிரம் டொலருக்கு மேல் ரொக்கம் கொண்டுவருபவர் அது எங்கிருந்து வந்தது என்று காட்டவேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையைக் கசினோக்களில் கொண்டுவந்தார்கள். சந்தேகப் பணம் மளமளவென்று விழுந்தது. வரித் திணைக்களம் பேசுகிறது, கட்டாவிட்டால் கைது என்று தொலைபேசியில் மிரட்டி முதியவர்களின் சேமிப்பை உருவிய கும்பலைத் தேடி, 2020 பெப்ரவரியில் பிரம்டனில் உங்கள் படை கைது செய்தது. எங்கள் வயதானவர்கள் அந்த அழைப்புகளுக்கு நடுங்கியதைப் பார்த்தவன் நான். அந்தக் கைதுக்கு மனதார நன்றி சொல்கிறேன். காசின் பின்னால் போனால் ஆளைப் பிடிக்கலாம் என்று உங்களுக்கே தெரியும். அமெரிக்கருக்கும் தெரிந்திருக்கிறது. 2024 ஒக்டோபரில் எங்கள் டொரொன்ரோ-டொமினியன் வங்கியை, அதன் அமெரிக்கக் கிளைகள் வழியே கறுப்புப் பணம் ஓடியதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவைத்து, 300 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் கட்டவைத்தார்கள். கனேடிய வங்கிக்குக் கணக்குக் கேட்க வொஷிங்டன் தேவைப்பட்டது எங்களுக்கு வெட்கக்கேடு.

அந்த 20 டொலர்த் தாள்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க நீங்கள் தூரம் போகவேண்டாம். வன்கூவரின் ஹேஸ்டிங்ஸ் தெருவில் பகலிலேயே நடந்து பாருங்கள். சுவரில் சாய்ந்து தலை தொங்கிப்போயிருப்பவரின் தோளைத் தட்டி, மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் நகர்வார்கள். பை பையாக வந்தது அந்த மனிதர்களின் காசு. ஒருவர் ஒருவேளைக்கு வாங்கும் தூளுக்குக் கொடுக்கும் தாள் அது. அதனால்தான் எல்லாம் இருபதாக இருந்தது. 2016 ஏப்ரலில் மாகாணம் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. அன்றிலிருந்து நச்சுப் போதைப்பொருளால் இங்கே இறந்தவர்கள் 16,000 பேருக்கு மேல். 2023-இல் மட்டும் 2,500-ஐத் தாண்டியது. உங்கள் கோப்பில் ஈ-பைரட் நிதிக் குற்றம் என்ற தலைப்பில் கிடக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அதற்கு அந்தப் பெயர் இல்லை.

கேட்பது இவ்வளவுதான். தகவலாளியின் பாதுகாப்புக்கு வேண்டியதை மறைத்துவிட்டு, ஈ-பைரட் எப்படி விழுந்தது என்பதை முழுமையாக வெளியிடுங்கள். குற்றப்பணத்தைத் துரத்துவதற்கென்று ஒரு நிலையான அணியை இந்த மாகாணத்தில் வையுங்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டம் வந்தவுடன் கலைத்துவிடாதீர்கள். அறிக்கையைப் பேச்சாளர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கவிடவேண்டாம். நீங்களே ரிச்மண்டுக்கு வாருங்கள். பிள்ளைகளை இழந்த பெற்றோரை முன்வரிசையில் இருத்தி, அவர்கள் கேட்கக் கேட்கப் பதில் சொல்லுங்கள். நாளையும் இடத்தையும் அறிவியுங்கள், நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
பேர்னபியில் வாழும் ஒரு கனேடியத் தமிழர்