டிரெசர் போன பிறகு

1959-இல் டாக்டர் டி. ஜே. தனராஜும் சகாக்களும் சிங்கப்பூரின் பிணப் பரிசோதனைப் பதிவேடுகளைப் புரட்டி, இதய நாளம் அடைத்து இறந்தவர்களை இனவாரியாகக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். சீனர்களைவிட இந்தியர்களிடம் அந்த நோய் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. 1963-இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்துக்கு முதல் டீனாக வந்தவரும் இதே தனராஜ்தான். 60 ஆண்டுகளுக்கும் மேலாகக் கையில் இருக்கும் எச்சரிக்கை இது.

அப்போது மலாயாவின் பேராக்கில் தமிழர்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். அங்கே மருத்துவம் என்றால் டிரெசர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர். காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், ஓர் ஆள் குறைந்தால், காய்ச்சலா கள்ளா என்று அவருக்குத் தெரியும். அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. ஆளை மறுநாள் பால் வெட்ட அனுப்புவதுதான் அவருக்கு இடப்பட்ட வேலை. மலேரியாவும் புண்ணும் அவர் கண்ணில் பட்டன, ரத்தக் கொதிப்பு அவ்வளவாகப் படவில்லை. ஆனாலும் கூப்பிடு தூரத்தில் இருந்தார். பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்பும் வந்தன, சனங்கள் நகரத்துச் சிலிபினுக்கும் புந்தோங்குக்கும் குடிபெயர்ந்தார்கள். டிரெசரின் மருந்தறை மூடப்பட்டதை யாரும் செலவுக் குறைப்பு என்று சொல்லவில்லை. எந்த அரசின் பட்ஜெட்டிலும் அது ஒரு வரியாக இருந்ததில்லையே!

மலேசிய அரசு கத்தரி எடுத்தது பிற்பாடு. எண்ணெய் விலை சரிந்ததால் 2016 ஜனவரியில் பட்ஜெட் திருத்தப்பட்டது. 2017-க்கு அரசுப் பல்கலைக்கழகங்களின் நடைமுறைச் செலவு 757 கோடி வெள்ளியிலிருந்து 612 கோடியாக இறங்கியது. 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26-இல் அவர்களே வெளிநடப்புச் செய்தார்கள். நோயை ஆராய்பவருக்கும் பார்ப்பவருக்கும் ஒரே பையிலிருந்துதான் குறைத்தார்கள்.

வேலையின் நிலையே இதயத்தைப் பாதிக்கும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. லண்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு அரசு ஊழியர்களையே பரிசோதித்தது. பதவி இறங்க இறங்க மாரடைப்புச் சாவு ஏறியது. பின்னர் நடந்த இரண்டாம் ஆய்வில், தனியார்மயமாகவிருந்த ஒரு துறையின் ஊழியர்களுக்கு, வேலை போவதற்கு முன்பே, போகுமோ என்ற அச்சத்திலேயே உடல்நிலை சரிந்தது தெரிந்தது.

என் குறையெல்லாம் இந்தச் செலவுக் குறைப்பின் காலக்கணக்கைப் பற்றியது. பட்ஜெட்டுக்கு ஆயுள் ஓராண்டு. நாளம் அடைபட இருபது ஆண்டும் ஆகலாம். இந்த ஆண்டு பரிசோதனையைக் குறைத்தால் இந்த ஆண்டில் பிணம் விழாது. வெட்டியவர் பெருமையாக மிச்சம் காட்டலாம். பில் வருவது வேறொருவர் காலத்தில். அரசு கிளினிக்கில் கட்டணம் என்னவோ ஒரு வெள்ளிதான். பன்னிரண்டு மணி நேரம் காவல் நிற்கும் முன்னாள் தோட்டத்துப் பிள்ளைக்கு அங்கே நம்பர் எடுத்துக் காத்திருந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவார். இதற்கிடையில் புந்தோங் கச்சாங் பூத்தே நொறுக்குத் தீனிப் பொட்டலம் வேறு. அந்த உப்பை நானும் விட்டபாடில்லை. கால் விரலில் ஒரு கொப்புளம் ஆறாமல் கறுக்கும்போது பெரியாஸ்பத்திரிக்குப் போவார். அங்கே விரலை எடுக்க ஆகும் செலவில் எத்தனை வருடத்து மாத்திரை வாங்கலாம் என்று எந்தக் கருவூலமும் கணக்குப் பார்ப்பதில்லை.

2023 ஜூன் 15-இல் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் தேசிய ஆய்வில், நீரிழிவு உள்ள 18 முதல் 29 வயதுக்காரர்களில் 84 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. அவர்களுக்கு ஐம்பது வயதாகும்போது நிதியமைச்சராக இருப்பவர் இப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கலாம்.