கட்டிங் மாஸ்டர்களுக்கு ஒரு விண்ணப்பம்

எங்கள் தொழிலில் கத்தரிக்கோலை லேசில் கையில் கொடுக்க மாட்டார்கள். காஜா எடு, ஹெம் அடி, பட்டன் கட்டு என்றே வருஷங்கள் போகும். வெட்டுகிற முறை மாஸ்டரின் தலைக்குள் இருக்கும். அவரோடு போயும் விடும். இதைத் தொழில் ரகசியம் என்கிறார்கள். வீண் நஷ்டம் என்கிறேன் நான்.

டென்வரில் மகள் வீட்டில் இருந்தபோது, பழைய சாமான் கடையில் 1950-களின் கௌபாய் சட்டைக்கான பேட்டர்ன் ஒன்று கிடைத்தது. டிஷ்யூ தாள், உறைக்கு ஒரே அளவு, மார்பு 40. மாப்பிள்ளைக்குச் சரியாக இருக்கும் என்று பிரதி எடுத்து வெட்டினேன்.

இந்தச் சட்டைக்குக் காஜாவே கிடையாது, எல்லாம் பிரஸ் பட்டன். சேணத்திலோ மாட்டுக் கொம்பிலோ சிக்கினால் துணி கிழியாமல் பட்டன்கள் படபடவென்று கழன்றுவிடும். அதை ஊரறிய விற்றவர் 1946-ல் அதே டென்வரில் ராக்மவுண்ட் கம்பெனி தொடங்கிய ஜாக் வைல். 2008-ல் காலமானபோது அவருக்கு வயது 107.

என்னை மிரட்டியது பாக்கெட்தான். சிரிக்கிற வாய் போல வளைந்த பிளவு, ஓரத்தில் மெல்லிய பைப்பிங், இரு முனையிலும் அம்புத்தலைத் தையல். மூலையில் ஓர் இழை மிச்சம் வைத்து நறுக்க வேண்டும். நறுக்கு கூடினால் பிரியும், குறைந்தால் சுருக்கம் விழும். நான் புரட்டிப் பார்த்த மலிவு ரெடிமேட்களில் பாக்கெட்டே இல்லை. பைப்பிங்கை மட்டும் வளைத்து ஒட்டியிருக்கிறார்கள். பழைய தாளோ எந்த இடத்தில் நறுக்க வேண்டும் என்பதுவரை குறி போட்டிருக்கிறது. கௌபாயை சினிமாவில் மட்டும் பார்த்த எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அளவு வாரியாகக் காகித பேட்டர்ன் விற்கும் தொழிலை 1863-ல் தொடங்கியவர் எபனேசர் பட்டரிக். மாசசூசெட்ஸ் மாநிலத்து டெய்லர். தன் பிழைப்பான வெட்டையே உறையில் போட்டு விற்றிருக்கிறார்! இன்று ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் பழைய பேட்டர்ன்களுக்கென்றே காப்பகம் வைத்திருக்கிறது.

பட்டு ப்ளவுஸில் பெயரெடுத்த மாஸ்டர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. கழுத்து தூக்காமல், கைக்குழியில் சுருக்கம் விழாமல் அவர்கள் வெட்டுகிற வெட்டு எந்தத் தாளிலும் இல்லை. பிரவுன் பேப்பரில் ஒரு செட் வெட்டுங்கள். அளவு, தையலுக்கு விட்ட துணி, பட்டி எந்தப் பக்கம் என்பதை அதிலேயே எழுதிக் கடைப் பையனிடம் கொடுங்கள். எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்கிறீர்களா? கொடுக்காத காலத்திலும் போட்டுக்கொண்டுதானே இருந்தான்.