பழைய பெட்டிக்கு நாணுவதா, படியில் தொங்குவதற்கு நாணுவதா?

பிறர் ஓட்டிக் கழித்த புகையிரதப் பெட்டியை வாங்குவது நாட்டின் மானத்துக்கு இழுக்கு என்று வாதிடுவோர் எங்கும் உளர். அவ்வாறு வாதிடுவோரிற் பெரும்பாலார் காலை ஏழு மணி வண்டியில் ஏறுபவர் அல்லர். மந்திரிக்கு மோட்டார் உண்டு. மந்திரியின் செயலாளருக்கும் மோட்டார் உண்டு. ஒரு கால் படியிலும் ஒரு கால் வெளியிலுமாகத் தொங்கிச் செல்லும் இலிகிதருக்கும், சந்தைக்கு மூட்டையோடு புறப்படும் கமக்காரருக்கும், வந்து நிற்கும் பெட்டி எந்த ஆண்டிற் செய்யப்பட்டது என்பது இரண்டாங் கேள்வி. அதில் இடமுண்டா என்பதே முதற் கேள்வி.

முதற் கேள்வியை மறந்து இரண்டாங் கேள்வியிற் காலத்தைக் கழித்த நாடு இந்தோனேசியா. அதன் தலைநகராகிய ஜகார்த்தாவில் 2023 ஆம் ஆண்டில் நடந்தவற்றை எமது வாசகர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அதே வாதம் நாளை கொழும்பிலும் எழும். எழும்போது நாம் வாயடைத்து நிற்றலாகாது.

ஜகார்த்தாவின் பழைய பெட்டிக் கதை 2000 ஆம் ஆண்டிற் தொடங்குகிறது. டோக்கியோ மாநகர அரசு தனது சுரங்கப் பாதையில் ஓடிய 72 பெட்டிகளை அந்நகருக்கு நன்கொடையாக வழங்கிற்று. அவை எழுபதுகளிலும் அதற்குச் சற்று முன்னரும் செய்யப்பட்டவை. ஆயினும் யப்பானியர் அவற்றைப் பேணிய விதம் வேறு. அதனினும் முக்கியமானது, இரு நகரங்களிலும் அப்பாதைகளின் தண்டவாள அகலம் 1067 மில்லிமீற்றர். மேற்கம்பியில் ஓடும் மின்சாரம் 1500 வோல்ற்று. அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் அப்பெட்டிகள் ஜகார்த்தாவுக்குப் பொருந்தின.

அந்நாளில் அந்நகரத்துப் பயணிகளின் நிலை என்ன? உள்ளே இடமின்றிக் கூரைமேல் ஏறி இருந்தனர். மேலே மின்கம்பி, கீழே தண்டவாளம். எத்தனையோ பேர் மாண்டனர். இதற்குப் புகையிரத அதிகாரிகள் 2012 சனவரியிற் கண்டுபிடித்த மருந்து யாது தெரியுமா? கூரையில் இருப்போரின் தலையில் மோதும்படி பாதைக்கு மேலே கொங்கிறீற்று உருண்டைகளைச் சங்கிலியிற் கட்டித் தொங்கவிட்டனர்! பெட்டி போதாது என்று முறையிட்ட மக்களுக்கு உருண்டை கொடுத்த அரசை உலகம் அன்றுதான் கண்டது.

கூரையைக் காலியாக்கியது உருண்டை அன்று. கதவு மூடிக் குளிரூட்டிய பெட்டிகள் போதிய தொகையில் வந்தமையே கூரையைக் காலியாக்கிற்று. 2013 முதல் 2020 வரை யப்பானியப் புகையிரதக் கொம்பனியொன்றிடமிருந்து 205 என்னும் வகையைச் சேர்ந்த பெட்டிகள் மாத்திரம் 800க்கு மேல் வந்திறங்கின. பெட்டியோடு உதிரிப் பாகங்களும் வந்தன. பழுது பார்க்கும் முறையைக் கற்பிக்கும் பொறியியலாளரும் வந்தனர். குளிரூட்டாத பழைய வண்டிகள் 2013 இல் ஒழிந்தன. 2019 ஆம் ஆண்டில் அச்சேவையிற் பயணஞ் செய்தோர் தொகை 33 கோடிக்கு மேல். இவ்வளவு பேரையும் சுமந்தவற்றுட் பெரும்பாலானவை டோக்கியோவிற் கழிக்கப்பட்ட பெட்டிகளே. இதனால் இந்தோனேசியாவின் மானம் எங்கே கப்பலேறிற்று?

இனிக் கேளுங்கள். 2023 இலும் 2024 இலும் மொத்தம் 29 தொடர்கள் ஓய்வு பெறவிருந்தன. அவற்றுக்கு ஈடாக 348 பழைய பெட்டிகளை யப்பானிலிருந்து தருவிக்கச் சேவையை நடத்தும் நிறுவனம் அனுமதி கேட்டது. கைத்தொழில் அமைச்சு மறுத்தது. உள்நாட்டிலே மதியூன் நகரில் அரசுக்குச் சொந்தமான பெட்டித் தொழிற்சாலை இருக்கையிற் பிறரின் பழையது எதற்கு என்பது அவர்களின் வாதம். வழக்கு அரசின் கணக்காய்வு அலுவலகத்துக்குச் சென்றது. கணக்காய்வாளர் விலைக் கணக்கிற் சில குறை கண்டனர். அது நியாயமே, விலையிற் குறை இருப்பின் விலையைத் திருத்தலாம். ஆனால் அவர்கள் கூறிய மற்றொரு காரணத்தை நாம் எளிதில் விடுவதற்கில்லை. 2019 இல் 33 கோடிப் பேர் பயணஞ் செய்தனர். 2023 இல் எதிர்பார்க்கப்படுவோர் 27 கோடி அளவினரே. பெட்டிகளோ 2019 இல் இருந்ததிலும் சற்று அதிகம். ஆகவே நெரிசல் காலையிலும் மாலையிலும் மாத்திரமே, மொத்தத்தில் இடம் போதும் என்றனர்.

மொத்தத்தில் இடம் போதுமாம்! எமது கமக்காரர் இந்தக் கணக்கை உடனே விளங்கிக்கொள்வர். ஆண்டு முழுவதும் வன்னியிற் பெய்த மழையைப் பன்னிரண்டாற் பிரித்து, "ஆடி மாதத்திலும் உனக்கு இவ்வளவு மழை உண்டு, குளம் எதற்கு, கிணறு எதற்கு?" என்று ஓர் உத்தியோகத்தர் வந்து கேட்டால் அவரை வரம்பிலேயே நிறுத்திச் சிரிப்பார்களன்றோ? நண்பகற் பன்னிரண்டு மணிக்குக் காலியாக ஓடும் ஆசனம், காலை ஏழு மணிக்கு மூச்சுத் திணறி நிற்பவனுக்கு எவ்வாறு பயன்படும்? சராசரி என்பது புகையிரதத்தில் ஏறாதவனுடைய கணக்கு.

முடிவு 2023 நடுப்பகுதியில் வந்தது: பழைய பெட்டி வேண்டாம். மதியூன் தொழிற்சாலையிடம் புதிய தொடர்கள் 16 கேட்கப்பட்டன. அவை உடனே கிடைக்கக்கூடியவை அல்ல. ஆகவே 2024 சனவரியிற் சீனத்துக் கொம்பனியிடம் மூன்று தொடர்களுக்கு ஒப்பந்தம் எழுதினர். பின்னர் அது பதினொன்றாயிற்று. உள்நாட்டுத் தொழிலைக் காப்பதற்கென்று யப்பானின் பழையதை மறுத்தவர்கள், சீனத்தின் புதியதை வாங்கிய விந்தையை எமது வாசகர்கள் கவனிக்க. சீனப் பெட்டிகள் 2025 தொடக்கத்திற் துறைமுகத்தில் இறங்கி, அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே ஓடத் தொடங்கின. இடைப்பட்ட இரண்டாண்டு நெருக்கத்தைச் சுமந்தவர் யார்? கைத்தொழில் மந்திரியா? 2022 முதல் வண்டி மாறியே தீரவேண்டும் என்றாகிவிட்ட மங்காராய்ச் சந்தியில், மேடையில் நெருக்குண்டு நின்ற தொழிலாளரும் எழுதுவினைஞரும் அல்லவா?

உள்நாட்டுத் தொழிலுக்கு நாம் பகைவரல்லர். தொழிற்சாலை வளரட்டும்; புதிய பெட்டி பிறக்கட்டும். பிறக்கும்வரை பழையது ஓடட்டும் என்பதே எமது பேச்சு. புதுவீடு கட்டி முடியுமுன் பழைய வீட்டுக் கூரையைப் பிடுங்குவோனை ஊரார் என்ன பெயர் சொல்லி அழைப்பர்?

பழையதை வாங்கு என்றவுடன் மாலை கட்டிக்கொண்டு புறப்படும் மற்றொரு கூட்டமும் உண்டு. அவர்களுக்கென்றே பெரு நாட்டின் தலைநகர் லீமா ஒரு பாடத்தைச் செய்து வைத்திருக்கிறது. அமெரிக்காவிற் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹொசேக்கும் இடையே ஓடும் கல்ற்றெயின் சேவை 2024 இல் மின்சார வண்டிக்கு மாறிற்று. மாறியதும் எண்பதுகளின் டீசல் இயந்திரங்கள் 19ஐயும் இருமாடிப் பெட்டிகள் 90ஐயும் லீமா மாநகர சபைக்கு 63 இலட்சம் டொலர் அளவான விலைக்குக் கொடுக்க அவ்வாண்டு நவம்பரில் ஒப்பந்தமாயிற்று. விலை மலிவு, தண்டவாள அகலமும் ஒன்றே. 2025 யூலையிற் பெட்டிகள் கல்லாவோ துறைமுகத்தில் இறங்கின. நகரபிதா லோபெஸ் அலியாகா அவற்றைத் தமது வெற்றியென முழங்கினார். ஆனால் அவை ஓடவேண்டிய லீமா–சோசிக்காப் பாதையோ மலையிலிருந்து தாதுப்பொருள் இறக்கும் சரக்குப் பாதை. அதனை நடத்தும் உரிமை தனியார் கையில். பயணிகள் நிலையங்கள் ஆயத்தமில்லை. தெருக்கள் பாதையைக் குறுக்கிடும் இடங்களுக்குக் காப்பு இல்லை. போக்குவரத்து அமைச்சின் இசைவும் இல்லை. மாநகர சபையும் அமைச்சும் பத்திரிகைகளிற் சண்டையிட்டுக்கொண்டிருக்க, பெட்டிகள் நகர நடுவில் நின்றன. அவ்வாண்டு அக்டோபரில் நகரபிதா பதவியைத் துறந்து ஜனாதிபதித் தேர்தலுக்குப் புறப்பட்டார். பெட்டிகள் புறப்படவில்லை.

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். கட்டுத்தறியும் வைக்கோலும் வீட்டில் உண்டா என்று அதற்கு முன்னரே பார்த்திருப்பான். லீமாவிற் பல்லையும் பார்க்கவில்லை, தறியையும் பார்க்கவில்லை. படம் பிடிப்போர் வந்துவிட்டார்களா என்பதை மாத்திரம் பார்த்தனர்.

தறி என்ற சொல்லை நாம் வீணாகச் சொல்லவில்லை. பழைய பெட்டியை வாங்குவதிலும் அரிது அதை நிறுத்திவைத்தல். ஜகார்த்தாவுக்குக் கிழக்கே புர்வகார்த்தா நிலையத்தருகே ஓய்வு பெற்ற பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தனர். மக்கள் அதனைப் புகையிரதச் சுடலை என்றே அழைத்தனர். சிறந்த காரியத்தைச் செய்த நகரத்திலும் இந்தக் குறை நேர்ந்தது. வாங்கும் நாளில், என்றோ ஒருநாள் இதனை எங்கே கழிப்பது என்ற கேள்வியை எழுப்புவாரில்லை.

நிற்கும் பெட்டி ஓடும் பெட்டியிலும் விரைவில் முதுமையடையும். கூரையில் ஒரு துளை விழுந்தால் ஒரு மாரியிலே தளம் உளுத்துப்போம். கதவு, யன்னல்களின் இறப்பர் வெடிக்கும். மின்கம்பிகளின் உறையை எலி கடிக்கும். ஒரே இடத்தில் மாதக்கணக்காக நின்றால் அச்சுருளைகள் ஒரே புள்ளியிற் பாரந் தாங்கிக் கெடும். அதனால் இடையிடையே பெட்டியை நகர்த்தல் வேண்டும். கடற்காற்றுப் படும் இடத்தில் உப்புத் தின்னும். இவையெல்லாவற்றிலும் விரைவாகத் தின்பவன் செம்புக் கம்பி திருடுவோன். கூரையுள்ள கொட்டகை, காவல், எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பாகம் கழற்றப்பட்டது என்று எழுதிவைக்கும் ஒரு பதிவேடு ஆகிய மூன்றும் இருந்தாற் பத்துப் பழைய பெட்டியை உரித்து நாற்பதை ஓட்டலாம். இல்லையேல் ஐம்பதும் இரும்புக் கடைக்கே.

இதனை யாழ்ப்பாணத்தாருக்கு நாம் விரித்துரைத்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடையின் கீழ்ப் பெற்றோலும் உதிரிப்பாகமும் இல்லாத காலத்தில், ஐம்பதுகளிற் பிறந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் எம்மவர். ஒரு காரைக் கழற்றி மூன்றை உயிர்ப்பித்த கைகள் எம்மிடம் இருந்தன. பழைய இரும்பு மானத்தைக் கெடுக்கும் என்று அன்று எவரும் சொல்லவில்லை; நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனது அந்தப் பழைய இரும்பே.

இனி எமது வீட்டுக் காரியம். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் நின்றது. மீண்டும் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வந்தது 2014 அக்டோபரில். காங்கேசன்துறைக்கு 2015 சனவரியில். இருபத்துநான்கு ஆண்டு காத்திருந்த மக்களுக்குப் பாதை கிடைத்தது, பெட்டியோ இன்றும் எண்ணித் தரப்படும் பண்டம். புதிய பெட்டி சென்னையிற் செய்து இந்தியக் கடனில் வந்தது. கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று 2022 ஏப்ரலிற் பகிரங்கமாகக் கைவிரித்த அரசு, இனியும் புதியதே வேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்லும்?

எமது தண்டவாள அகலம் 1676 மில்லிமீற்றர். யப்பானின் பெட்டியோ சீனத்தின் பழையதோ எமக்கு ஆகாது. ஆனால் இந்தியாவின் பெரும்பாதையும் அதே அகலம். சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலை 1955 முதற் செய்துவந்த பழைய அமைப்புப் பெட்டியை 2018 இல் நிறுத்திவிட்டது. இந்தியா முழுவதும் அவ்வகைப் பெட்டிகள் படிப்படியாகக் கழிக்கப்படுகின்றன. சிலவற்றை மோட்டார் வாகனம் ஏற்றும் சரக்குப் பெட்டிகளாகவும் மாற்றுகின்றனர். மனிதர் ஏறக் காத்திருக்கையிற் காருக்கு அந்த இடத்தைக் கொடுப்பானேன்? நாம் ஏன் கேட்கலாகாது?

கேட்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு கேட்கவேண்டும். விரைந்தோடித் தடம்புரளுமிடத்து அப்பெட்டிகள் ஒன்றன்மேலொன்று ஏறிவிடும் குறையினாலும் இந்தியா அவற்றைக் கைவிட்டது. ஆகவே கொழும்புக்கு விரையும் நெடுந்தொலை வண்டிக்கு அவை வேண்டாம். வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று காலை மாலை உத்தியோகத்தரையும் மாணவரையும் ஏற்றும் குறுந்தொலைச் சேவைக்கு, மட்டான வேகத்தில், அவை போதும். மேலும் இலங்கையில் நெடுங்காலம் வழங்கிவந்தது வெற்றிடத் தடுப்பு. இந்தியா காற்றமுக்கத் தடுப்புக்கு மாறிவிட்டது. பெட்டியை இழுக்கும் இயந்திரம் அத்தடுப்பை இயக்க வல்லதா என்று முதலிற் பார்க்கவேண்டும். பாராது வாங்கினால் லீமாவின் கதையே அநுராதபுரச் சந்தியிலும் நடக்கும்.

எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்ட விவாதத்திற் கவிதை சொல்வதை ஒருநாள் நிறுத்திவிட்டுப் போக்குவரத்து மந்திரியிடம் சிலவற்றைக் கேட்கட்டும். ஓடாமல் நிற்கும் பெட்டிகள் எத்தனை, எங்கெங்கே, எந்த ஆண்டு முதல்? அவற்றுள் இரத்மலானைப் பணிமனையில் திருத்தி ஓட்டத்தக்கவை எவை? இந்தியா கழிக்கும் பெட்டிகளுள், இன்னும் பத்தாண்டு ஓடக்கூடியவற்றைப் பார்த்துத் தெரிவுசெய்ய எமது பொறியியலாளர் ஒருவராவது அனுப்பப்பட்டாரா? வடக்கே மூடிய கொட்டகை ஒன்று அமைக்க என்ன செலவாகும்? விடை எழுத்தில் வரட்டும். வந்த விடையை நாம் இதே பக்கத்தில் வெளியிடுவோம். வராவிடின், எத்தனை வாரமாக வரவில்லை என்பதையும் வெளியிடுவோம்.